காலிப் பெட்டி கொடுங்கள்

காய்கறி சப்ளையில் சரக்கைக் கொடுப்பது சுலபம். சரக்கு போன பெட்டியைத் திரும்ப வாங்கத்தான் பட்டதாரி தேவைப்படுகிறார். அடுத்த வீட்டுக்குக் கொடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் என் பிழைப்பு புரியும். புதுச்சேரி ஹோட்டல்களுக்குப் பிளாஸ்டிக் கவரில் போன காய்கறியை, திரும்பத் திரும்பப் பயன்படும் பெட்டிகளுக்கு மாற்றுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் டிகிரியும் முதல் மாதச் சம்பளமும் என்னுடையவை. முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார்: "பெட்டி திரும்பலன்னா பழையபடி கவருதான். அப்புறம் உனக்கு இங்க என்னா வேல?"

பின்வாசல்

கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய விடுதி. வாசலில் 'பிளாஸ்டிக் இல்லா விடுதி' என்று பளபளக்கும் பலகை. பின்வாசலில் மேனேஜர், கொத்தமல்லியைக் கட்டுக்கட்டாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தரச் சொன்னார். பலகையை நினைவுபடுத்தினேன்.

"அது கெஸ்ட்டுக்கும்மா. கொத்தமல்லி என்னா, முன்வாசல் வழியாவா வருது?"

காலிக்குக் கூலி

எங்கள் வேன் டிரைவர் அண்ணன் காலிப் பெட்டிகளை எடுக்காமலே வந்துவிடுவார். முதலியார்பேட்டையில் வண்டியை நிறுத்திக் கேட்டேன். சரக்குக்குத்தான் கூலியாம், காலியைத் தூக்க ஒன்றும் கிடையாதாம். நியாயம்தானே? அதற்கும் கூலி கேட்டு முதலாளியிடம் போனேன்.

"பூமியக் காப்பாத்தற பில்ல யார் பேருலம்மா போடறது?"

மாஸ்டரின் செருப்பு

உப்பளம் பகுதியில் ஒரு ஹோட்டல். சமையலறையில் எங்கள் பெட்டிகளில் பூண்டு, வெங்காயம். ஒன்றில் மாஸ்டரின் செருப்பு. எப்போது கேட்டாலும் "நாளைக்கு." ஒருநாள் காலை, பெட்டி திரும்பவில்லை என்று முதலாளி என்னை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்றும் மாஸ்டர் "நாளைக்கு வாம்மா" என்றதும், இறக்கிய தக்காளியைத் திரும்ப வேனில் ஏற்றச் சொன்னேன். டிரைவர் அண்ணன் வாயைப் பிளந்தார். என் குரல் சத்தமாக வந்தது.

"காலி சிலிண்டர் குடுக்காம கேஸ் வாங்குவீங்களா மாஸ்டர்? காலிப் பெட்டி வரட்டும், தக்காளி இறங்கும்."

மதியச் சாம்பாருக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் திட்டிக்கொண்டே பூண்டைத் தரையில் கொட்டினார். பெட்டிகள் வந்தன, செருப்புப் பெட்டி கடைசியாக.

"சிரிச்ச மொகமா வந்துட்டிருந்த பொண்ணு, கந்துவட்டிக்காரன் கணக்கா ஆயிட்டியேம்மா!"

முதலாளியின் விளக்கம்

அதன்பின் எல்லா ஹோட்டலுக்கும் அதே விதி. பெட்டிகள் திரும்பியதும், காலிக்கும் கூலி போட முதலாளி இறங்கிவந்தார். என் வேலையும் தப்பியது. ஆபீசுக்கு வந்த புது வாடிக்கையாளரிடம் அவர் பெருமையாகச் சொன்னார்:

"எல்லாம் அன்பா எடுத்துச் சொல்லி மாத்தனதுதான் சார்."

அன்பாக எடுத்துச் சொன்ன காலம் முழுக்க ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.