பைலட் அத்தானுக்கு எந்தப் பிடியும் பிடிக்கவில்லை

எங்கள் தெருவில் என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் தகரம் அடித்தே காலத்தைக் கழித்தவர் அவர். வலது கையில் தகரங்களை ஆணி அடித்து இணைக்கும் ரிவெட் துப்பாக்கி, இடது கையில் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி. நாள் முழுக்கத் தடதடவென்று அந்த அதிர்வோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. சாப்பிடும்போதும் அவர் காதுக்குள் பஸ் ஓடிக்கொண்டிருக்கும் என்பாள் அக்கா.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சுருட்டிய வரைபடத்தோடு வந்து நின்றார். வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

"பஸ்ஸும் தகரம், அதுவும் தகரம். என்ன பெரிய வித்தியாசம்?" என்றார்.

"பஸ் மேலேருந்து விழாது," என்றாள் அக்கா.

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். பின்பக்கக் கொட்டகை அந்த வேனுக்காகப் போட்டது. விமானம் அதற்குள் நுழைந்ததும் வேன் தெருவுக்கு வந்து வெயிலில் காய்ந்தது. திட்டிக்கொண்டே விட்டுக்கொடுப்பது அவள் வழக்கம்.

நான் அவர்களோடுதான் இருக்கிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள், வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விமானத்தின் இரண்டு இருக்கைகளுக்கும் உறை தைத்தது நான்தான்.

அத்தான் ஒவ்வொரு ரிவெட்டையும் தானே அடித்தார். பட்டறைக் கூட்டாளிகள் உதவிக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். தெரு அவரைச் சும்மா விடவில்லை. "பைலட், வண்டி இன்னிக்காவது கிளம்புமா?" என்று கேட்பார்கள். எதிர்க் கடையில் சைக்கிள் பழுது பார்ப்பவர்தான் மோசம். "மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது, இவரு மேகத்துக்குப் போறாராம்!" என்று பஞ்சர் ஒட்டி முடிக்கிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். அத்தானும் சேர்ந்து சிரிப்பார். விமானம் பறக்கிற அன்றைக்கு இவர்கள் வாயெல்லாம் அடைபட்டுவிடும் என்ற நம்பிக்கைதான் அந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

நடுவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து பறக்கவும் கற்றுக்கொண்டார். எல்லாம் முடிந்தது. மிச்சம் இருந்தது ஸ்டிக்குக்குப் பிடி போடுவது ஒன்றுதான். ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் தரையிலிருந்து ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். அதைப் பிடித்துத்தான் விமானத்தை ஏற்றுவது, இறக்குவது, சாய்ப்பது எல்லாம். குழாய் மொட்டையாக இருந்தால் கை வலிக்கும், வேர்த்தால் வழுக்கும். அதற்கு ஒரு பிடி வேண்டும். இரண்டு ஸ்டிக், இரண்டு பிடி. அரை நாள் வேலை.

முதலில் மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற ரப்பர் பிடி வாங்கி வந்தார். மாட்டினார், உட்கார்ந்து பிடித்துப் பார்த்தார், கழற்றினார்.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"பிடிக்கல."

அப்புறம் மெத்தென்று ஸ்பஞ்சுப் பிடி. பிடிக்கல. விமானம் கட்டும் இன்னொருவரிடம் கேட்டு வாங்கிய, விரல் பதிய வளைவு வளைவாக இருந்த கறுப்புப் பிடி. அதுவும் பிடிக்கல. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னைக் கட்டிக்கிறப்ப இதுல பாதி யோசிச்சீங்களா?" என்றாள். அத்தான் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் என்னவென்று புரியவில்லை.

கடைசியில் மரத்தில் கடைந்து வாங்குவது என்று முடிவாயிற்று. அத்தான் கடைசல் பட்டறைக்குப் போய்வந்தார். கடைசல்காரர் அத்தானுக்குப் பல வருடப் பழக்கம். கட்டில் காலும் நாற்காலிக் காலும் கடைந்து அலுத்தவர், விமானத்துக்கு என்றதும் துள்ளிக் குதித்தாராம். பிடிகள் தயாரானதும் தோல் உறைக்கு அளவெடுக்க என்னையும் அத்தான் கூட்டிப் போனார். பட்டறையில் மரத்தூள் மணம். வாடிக்கையாளர்கள் சிலர் பெஞ்சில் காத்திருந்தார்கள். கடைசல்காரர் துணியில் சுற்றி வைத்திருந்த பிடிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். ஒன்று உருண்டை, ஒன்று சப்பை, ஒன்று இடுப்பு சிறுத்தது, ஒன்று தலை பருத்தது. கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்த்திருந்தார்.

அத்தான் ஒவ்வொன்றாக வாங்கிப் பிடித்தார். கீழே வைத்தார்.

"பிடிக்கல."

"எதுண்ணே பிடிக்கல?"

"எதுவுமே பிடிக்கல."

கடைசல்காரர் முகம் மாறியது. "பைலட்டண்ணே, சுவத்துல மாட்டி அழகு பார்க்கவா கேட்டீங்க? பிடிக்கிறதுக்குத்தானே கேட்டீங்க? உங்க ரசனைக்குக் கடைய எனக்கு வராது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் அத்தான், வாழ்நாளில் குரல் உயர்த்தி நான் கேட்டிராத அத்தான், கத்தினார். "உனக்கு வேலை தெரியல, அதைச் சொல்லு! கட்டில் கால் கடையறவன்கிட்ட வந்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

கடைசல்காரர் நாலு பிடிகளையும் திரும்பத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த மரத்தூளுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. வழியெல்லாம் அத்தான் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பின் கழுத்து சிவந்திருந்தது.

மறுநாள் அக்கா வேன் எடுத்துக்கொண்டு போன பிறகு நான் கொட்டகைக்குப் போனேன். எனக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. ரவிக்கை சரியாக வராதவர்களிடம் நான் பேசிக்கொண்டிருக்க மாட்டேன், அவர்களுடைய பழைய ரவிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கி அதை அளவாக வைத்துக்கொள்வேன். அதுபோல, எப்படி வேண்டும் என்று அத்தானுக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அவர் கையே சொல்லட்டும் என்று நினைத்தேன். களிமண்ணைப் பதமாகப் பிசைந்து குழாயைச் சுற்றிக் கனமாக அப்பினேன்.

"அத்தான், உட்கார்ந்து நல்லா இறுக்கிப் பிடிங்க. அந்தத் தடத்தை வச்சு மரத்துல எடுத்துக்கலாம்."

அவர் களிமண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சாக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து பிடித்தார். எடுத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். கட்டை விரல் தடம் இருந்தது. ஆள்காட்டி விரல் தடம் இருந்தது. மற்ற விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில், துணி பட்டது மாதிரி லேசாக ஒரு மினுமினுப்பு.

"இன்னும் அழுத்திப் பிடிக்கணும் அத்தான்."

"அழுத்தித்தான் பிடிச்சேன்."

"பதியவே இல்லையே."

"கை பிடிக்கலம்மா," என்றார். "இத்தனை நாளா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பிடிக்கல என்றார். நாங்கள் எல்லாரும் அவருக்கு மனசுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம், அவரும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

கையை என் முன்னால் நீட்டினார். பட்டறையில் இருக்கும்போதே காலையில் விரல்கள் வெளுத்து மரத்துப் போகுமாம். கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும். விமானத்துக்கு ரிவெட் அடிக்க ஆரம்பித்த பிறகு தேய்த்தாலும் சரியாகவில்லை. இடது கை இன்னும் மோசம். டாக்டரிடம் போனால் துப்பாக்கியைத் தொடாதே என்பார் என்று போகவில்லை.

"பறக்கக் கத்துக்கிட்டீங்களே, அது எப்படி?"

"அது பயிற்சிப் பள்ளியோட விமானம். அதுல கார் மாதிரி ஸ்டியரிங். உள்ளங்கையை வச்சு ஒப்பேத்திட்டேன்." பிறகு, "நீ வால் பக்கம் போ. நான் ஸ்டிக்கை இழுத்துப் பிடிச்சுக்கிறேன். வால்ல மேல தூக்கி நிக்கும் பாரு ஒரு பலகை, அதைக் காத்து அழுத்துற மாதிரி கீழே அழுத்து," என்றார்.

போய் அழுத்தினேன். பலமாகக்கூட இல்லை, மெஷினில் துணியைத் தள்ளுகிற அளவுக்குத்தான். பலகை கொஞ்சம் தாக்குப் பிடித்தது. பிறகு டமாரென்று கீழே விழுந்தது. எட்டிப் பார்த்தேன். ஸ்டிக் முன்னால் போய்ச் சாய்ந்திருந்தது. அத்தான் கை காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தரையைத் தொடுற நேரத்துல இப்படி ஆச்சுன்னா மூக்கு குத்திக்கும்," என்றார். யாரோ ஒருவருடைய விமானத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. விமானத்தைப் பார்த்து, அவரை உட்கார வைத்துச் சோதித்து, சரி என்றால் அத்தான் ஓட்டலாம். தெருவே காத்திருந்தது.

"ஒண்ணு செய். பிடிக்கு உறை தைக்கிறப்ப அதோட ஒரு தோல் வாரும் சேர்த்துத் தைச்சிரு. கையை ஸ்டிக்கோட இறுக்கிக் கட்டிக்கிறேன். வெளியில பார்த்தா அலங்காரம் மாதிரி இருக்கணும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

அவர் என்னைவிட மூத்தவர். எனக்குச் சோறு போடுகிறவர். ஒரு வேலை சொன்னால் சரி என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வந்ததில்லை.

"தைக்க மாட்டேன் அத்தான்," என்றேன். அது என் குரலாகவே இல்லை.

"என்ன?"

"கட்டிக்கிட்டா அவசரத்துக்கு எதை வச்சுக் கழட்டுவீங்க? இன்னொரு கையும் இப்படித்தானே இருக்கு?"

சொல்லி முடித்ததும் எனக்கே கூசியது. ஒருவர் ஒளித்து வைத்திருந்ததை இழுத்து வெளியே போட்டு, அதன் மேல் ஏறி நின்ற மாதிரி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் களிமண்ணைக் குழாயிலிருந்து வழித்து எடுத்தார். அதற்குக்கூட விரல் உதவவில்லை. மணிக்கட்டால் வழித்தார்.

ஞாயிறு வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவர் வேறு யாரிடமாவது வார் தைத்து வாங்கிவிடுவாரோ என்று பயந்து, வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கைதான்.

டீச்சர் வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, அதிகம் பேசாத பெண்மணி. கொட்டகை வாசலில் தெரு கூடிவிட்டது. சைக்கிள்காரர் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். அக்கா புதுப் புடவையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் விமானத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, "சுத்தமான வேலை," என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "பிடி இன்னும் போடலையா?" என்று கேட்டார்.

"நாள்பூரா அதுதான் டீச்சர் எங்க வீட்டுப் பேச்சு," என்றாள் அக்கா. "மகாராஜாவுக்கு ஒண்ணும் மனசுக்கு வரல."

அத்தான் கடைசல்காரரின் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து இறக்கை மேல் பிரித்தார். முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் உதவலாமா என்று தவித்து, போனால் இன்னும் கேவலமாகும் என்று அப்படியே நின்றேன்.

"இதுல உங்க கைக்கு எது சரியா இருக்குன்னு பாருங்க டீச்சர்," என்றார்.

"என் கைக்கா? ஓட்டப் போறது நீங்கதானே?"

"நான் ஓட்டல. என் விரல்ல வலு இல்லை. ஸ்டிக் நழுவுது. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். மறைச்சுட்டேன்," என்றார்.

சைக்கிள்காரர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அக்கா நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். "அதுக்குத்தான் பாட்டில் மூடியெல்லாம் திறக்கச் சொல்லி என்கிட்ட நீட்டினீங்களா?" என்றாள். "சோம்பேறி, சோம்பேறின்னு வாய் ஓயாம பேசினேனே... வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?" அவள் குரல் திட்டுகிற குரல்தான். ஆனால் கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடினாள்.

அத்தான் இறக்கையில் இருந்த ஒரு ரிவெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். காது நுனி வரை சிவந்துபோயிருந்தார்.

டீச்சர் நாலையும் பிடித்துப் பார்த்து, இடுப்பு சிறுத்ததை எடுத்தார். "இது நல்லாயிருக்கு. கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் தடிமன். குறைச்சு, இதே மாதிரி ஜோடியும் ஒண்ணு கடைஞ்சு வாங்குங்க. நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க," என்றார். அவ்வளவுதான்.

குறைக்க வேண்டுமென்றால் கடைசல்காரரிடம்தான் போக வேண்டும். நான் கொண்டு போகிறேன் என்றேன். வேண்டாம் என்று அத்தானே போனார். நான் பின்னாலேயே போய்ப் பட்டறை வாசலில் நின்றுகொண்டேன். அவர் கடைசல்காரரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. கடைசல்காரர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அத்தான் தலையாட்டினார். அதற்குப் பிறகு கடைசல் இயந்திரம் ஓட ஆரம்பித்து, அவர்கள் பேசியது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே ஓடுதளத்தில் முதல் தடவை டீச்சர் தனியாகத்தான் பறந்தார். புது விமானத்துக்கு அதுதான் விதிமுறையாம். அத்தான் தரையில் எங்களோடு நின்று பார்த்தார். தெருக்காரர்கள் கை தட்டி, "பைலட்! பைலட்!" என்று பழக்கத்தில் கத்தினார்கள். அவர் தலை குனிந்து, டீச்சர் இருந்த பக்கம் கை காட்டினார்.

அப்புறம் ஒருநாள் டீச்சர் அவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு போனார். ஊரைச் சுற்றிவிட்டு இறங்கி வந்தார்கள். அக்கா ஓடிப் போய், "நம்ம வீடு தெரிஞ்சுதா? என் வேன் தெரிஞ்சுதா? மேலேருந்து எல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேள்வியாய்க் கேட்டாள்.

"தெரியல," என்றார் அத்தான். "நான் கீழே பார்க்கவே இல்லை. அவங்க கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."