கோபத்துக்கு ஒரு கிழங்கு

சைகோன் சந்தைக்குப் பக்கத்தில் நான் துணிக்கடை வைத்திருந்த நாட்களில் ஊருக்கு வெளியே ஒரு போர் நடந்தது. என் கடை வாசலில் இன்னொன்று. அடுத்த கடையில் குடை விற்ற வியட்நாமியர் தன் தார்ப்பாயை என் பக்கமாகச் சரித்துக் கட்டியிருந்தார். மழை பெய்தால் அவர் குடைகள் நனையாது. என் துணிகள் நனையும். நான் கத்துவேன். அவரும் சளைக்கமாட்டார்.

குண்டு போடுகிறவர்களைப் பற்றி ஒரு நாள் வீட்டில் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். காரைக்கால்காரியான என் மனைவி சொன்னாள்: "ஒரு தார்ப்பாய்க்கே இந்தக் குதி குதிக்கிறீங்க. உங்க கையில விமானம் இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

சுருக்கென்றது. கோபம் வந்தால் சொல்லிக்கொள்ள ஒரு சொல்லையும் அவளே சந்தையில் கேட்டு வந்தாள். 'பின் தின்.' வியட்நாமிய மொழியில் 'நிதானம்' என்று பொருளாம். சீட்டில் தமிழில் எழுதி, துணி அளக்கும் மீட்டர் கோலில் ஒட்டினேன். தமிழ்க் காதுக்கு 'பிறகு சாப்பிடு' என்று நினைவில் வைப்பதும் சுலபம்.

அடுத்த மழையில் ஒரு பீஸ் மல் துணி முழுக்க நனைந்தது. கோலை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன். அவர் குடையை ஓங்கினார். சீட்டு கண்ணில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பின் தின்! பின் தின்!" என்று அலறினேன்.

அவர் குடையை இறக்கினார். "கூவைக்கிழங்கா? இப்ப எதுக்கு அண்ணே கூவைக்கிழங்கு?"

அந்த மொழியில் கடைசியில் குரலை வளைத்து ஏற்றினால்தான் நிதானம். என்னைப் போலத் தட்டையாகச் சொன்னால் கிழங்கு. தெருவே சிரித்தது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். மறுநாள் தார்ப்பாய் நிமிர்ந்தது, அவித்த கிழங்கும் வந்தது. அதன்பின் எங்கள் வரிசையில் யாருக்குச் சண்டை மூண்டாலும் கிழங்கு சொல்ல என்னைத்தான் இழுத்துப் போவார்கள். எனக்குக் கொஞ்சம் மானக்கேடாகத்தான் இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் உச்சரிப்பைப் பழகினேன்.

ஒரு நாள் காலையில் குடைக்காரர் தொளதொளத்த பட்டாள உடுப்பில் வந்து நின்றார். கட்டாயமாகப் படையில் சேர்த்துவிட்டார்கள்.

"ஒரு தடவை கிழங்கு சொல்லுங்க அண்ணே. சிரிச்சுக்கிட்டே போறேன்."

சொன்னேன். பாழாய்ப்போன வாய் அன்றைக்குப் பார்த்துத் திருந்தியிருந்தது. குரல் அழகாக வளைந்து ஏறியது.

அவர் சிரிக்கவில்லை. "சரி அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.