புரோட்டாமேல் போட்ட பழி

சபையாரே, முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சாகக் கிடந்தபோதும் டாக்டரிடம் பொய் சொன்னவன் நான். அதுவும் ஒரு தட்டு புரோட்டாவின்மேல் பழி போட்டு.

போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. இலத்தூரில் என் கத்தரித் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்தேன். வெறுங்கையாலேயே மருந்தைக் கலக்கினேன். "மூஞ்சில துணி கட்ட நான் என்ன கொள்ளைக்காரனாலே?" என்று பக்கத்துத் தோட்டக்காரனைக் கிண்டல் வேறு செய்தேன்.

மதியம் தலை சுற்றியது. ஐம்பத்திரண்டு வயது அறிவாளி என்ன செய்தேன் தெரியுமா? பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். அருவியில் நின்றால் எல்லாம் இறங்கிவிடும் என்பது என் வைத்தியம். நன்றாகக் குளித்தேன். குளித்துவிட்டு, மருந்தில் நனைந்த அதே சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் வாயில் எச்சில் ஒழுகியது. மூச்சு முட்டியது. தையல் கடையிலிருந்து வந்த என் மனைவி கிரேஸ், ஆட்டோவில் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"மருந்து எதுவும் அடிச்சீங்களா அண்ணாச்சி?" என்றார் டாக்டர்.

மருந்து என்றால் குடித்துவிட்டான் என்பார்கள். போலீஸ் வரும். நம் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற வாத்தியாரே விஷம் குடித்தார் என்று ஊர் சிரிக்கும்.

"இல்ல டாக்டர். மத்தியானம் தின்ன புரோட்டா..."

கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அங்கேயே முழங்காலிட்டாள். "ஆண்டவரே, இந்த மனுசன் எதையோ மறைக்காரு. உண்மைய வெளிய கொண்டுவாரும்." நானும் ஜெபித்தேன், என் மானத்தைக் காப்பாற்றும் என்று. உயிரை அல்ல, மானத்தை!

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். கண் பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. உடனே சட்டையைக் கழற்றச் சொல்லி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, விஷமுறிவு ஊசி போடத் தொடங்கினார். ரத்தமும் பரிசோதனைக்குப் போனது.

முடிவு வந்ததும் சொன்னார்: "ரத்தத்துல ஒரு நொதி இருக்கு அண்ணாச்சி. பூச்சிமருந்து ஏறுனா அது விழுந்துரும். ஒங்களுக்குத் தரையில கெடக்கு. புரோட்டாவுக்கு அந்தத் தெறம கெடையாது."

நான் அழுதுவிட்டேன். ஆறு நாள் கழித்து என் காலாலேயே நடந்து வீட்டுப் படி ஏறினேன்.

ஜெபிக்கிறவனுக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு என்று இதே சபையில் நக்கலடித்தவன் நான். எவ்வளவு மட்டமான பேச்சு! அந்தப் பரிசோதனையையும் அந்த ஊசியையும் கண்டுபிடித்தவர்களுக்கு மூளையைக் கொடுத்தவர் யார்? அவரிடம்தானே நாம் கேட்கிறோம்? இப்போது கையுறை, முகமூடி இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைப்பதில்லை. கொள்ளைக்காரன் வேஷம்தான். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். அவர் அனுப்புகிற டாக்டரிடம் மட்டும் தயவுசெய்து புரோட்டாக் கதை சொல்லாதீர்கள்.

வீட்டுக்கு வந்த அன்று கிரேஸிடம், "ஒன் ஜெபந்தான் என்னக் காப்பாத்திச்சு ஏட்டி" என்றேன்.

அவள் அந்த மருந்துச் சட்டையைக் குப்பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கர்த்தர் ஒங்க ரத்தத்தப் பேச வச்சாரு. ஒங்க வாய அவரே நம்பல."