பாடும்போது எடுத்த அளவு

ஒரு வேலையை விட்டுவிட்டால், அதன் மேல் இருந்த கிறுக்கு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

நாங்கள் இருக்கும் இந்த மலையாள ஊரில், பழவங்காடிப் பக்கம் ஒரு கடையிலிருந்து மகளுக்கு ராணி உடை வாடகைக்கு எடுத்து வந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஆண்டுவிழாவில் பாட்டு நாடகம். எந்நேரமும் பாடித் திரிகிறவள் என்பதால் ராணி வேடம். பையைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு யாரோ ஒரு குழந்தையின் பவுடர் வாசனையும் வந்தது. அவளுக்கு மாட்டிப் பார்க்கும் முன்பே என் விரல் அக்குளுக்குக் கீழே தையலைத் தடவியது. கொஞ்சம்கூட இடம் விடவில்லை. இதைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், பாட முடியாது.

உடை வடிவமைப்பு படித்த காலத்தில் ஒருநாள் வகுப்பில் ஆப்பரா என்கிற மேல்நாட்டு இசை நாடகம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். பருத்த அம்மாள் ஒருத்தி மைக் இல்லாமல் நின்று பாடினாள். பாஷை புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட வரிக்கு முன்னால் கவுனின் தையல் மொத்தமும் எழும்பி விரிந்து, பாட்டோடு மெல்ல இறங்கியது. அன்று பிடித்தது இந்தக் கிறுக்கு. அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொன்னார். சொன்ன பேச்சு கேட்கிற பெண்ணல்லவா, எழுதினேன். தேறவில்லை.

பிறகு, கோயில் விழாக்களில் சங்கீத நாடகம் போடும் ஒரு தமிழ்க் குழுவுக்கு உடை தைத்தேன். பாடும்போதுதான் அளவு எடுப்பேன் என்று ஒரு பிடிவாதம். ராஜாவாக நடிக்கும் அண்ணாச்சி பகலில் ஓட்டலில் சப்ளையர். மதியக் கூட்டம் வடிந்ததும் டேப்போடு போய் நிற்பேன்.

“அண்ணாச்சி, அந்த உச்சி வரிய எடுங்க.”

“சாப்பிடுதவன் எந்திச்சு ஓடிருவான் புள்ள.”

ஆனாலும் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பாடுவார். டேப் என் விரலை விட்டு நழுவும்படி மார்பு விரியும். கல்லாவிலிருந்து முதலாளி கத்துவார்: “ராஜாவே, அங்க ரெண்டு சாயா கொடு! பாட்டு பின்னே ஆகட்டும், கேட்டோ!”

“சட்டுனு அள மோளே. மகாராசா சாயா எடுக்கப் போணும்” என்பார் அண்ணாச்சி.

அந்த மூச்சுக்காக அக்குளடியில் ஒரு துணித் துண்டை மடித்து வைத்துத் தைப்பேன். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மேடையில் அது திறந்து மூடுவதை ஓரத்தில் நின்று பார்ப்பேன். ராஜாவின் முகத்தை ஒழுங்காகப் பார்த்த ஞாபகமே இல்லை.

கொரோனாவில் விழாக்கள் நின்றன. திரும்பத் தொடங்கியபோது கோயில் கமிட்டிக்காரர்களுக்குப் பதிவு செய்த பாட்டே போதுமென்று ஆகிவிட்டது. குழு கலைந்தது. அண்ணாச்சி நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். கைக்குழந்தைக்காரி வீட்டில் இருப்பதுதான் நல்லது என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பள்ளி நாடகத்திலும் பதிவுப் பாட்டுதான். ஒத்திகையில் என் மகள் அதை மீறி உரக்கப் பாடியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். “பாட்டு ரெக்கார்டட் ஆணு மேடம். வாயசைச்சா மதி. மோளிடம் ஒந்நு சொல்லணும்.” உதட்டை அசைத்தால் போதுமாம்.

சொன்னேன். “சும்மா வாயத் திறந்து மூட நான் என்ன மீனா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் விடவில்லை. மற்றப் பிள்ளைகள் சரியாகச் செய்கிறார்களே, டீச்சர் என்ன நினைப்பார், இப்படித்தான் ஏதேதோ சொன்னேன். பாடி என்ன ஆகப் போகிறது என்பதையும் சொல்லிவிட்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

விழாவில் அவள் வாயை மட்டும் அசைத்தாள். மிகச் சரியாக. எல்லோரும் கைதட்டினார்கள். நான் முதுகைப் பார்த்தேன். உடை அசையவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் அவள் பாடுவதில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. பாடச் சொன்னால், “ஃபோன்ல போட்டுத் தாம்மா” என்கிறாள். அவளைத் திரும்பப் பாட வைக்க என்ன வழி? பாடுகிறவர்களுக்கு மேடை இல்லாத காலத்தில், இப்படியே விட்டுவிடுவதுதான் அவளுக்கு நல்லதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.