ஆடி அமாவாசையில் சொல்ல வேண்டிய பெயர்

புவனேசன். பிறப்பு: 3 மார்ச் 1992, கொரைலா தீவுக் குடியரசு. தந்தை: மேஜர் இராசகம்பீரன், ஜனாதிபதி மெய்க்காவல் படை. தாய்: பாலாம்பிகை. லண்டன் வந்தது: 2002 ஜனவரி. இப்போது ஹவுன்ஸ்லோவில் வசிக்கிறார். விமான நிலையத்தில் பயணப்பொதிகள் ஓடும் பட்டைகளைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில்.

2001 ஒக்டோபர் 9ஆம் தேதி, குடியரசு தின அணிவகுப்பில், மேஜர் இராசகம்பீரன் ஜனாதிபதி எமில் டொரவாலைச் சுட்டுக் கொன்றார். வடபகுதிக் கிளர்ச்சியாளர்களோடு ஜனாதிபதி செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையைத் துரோகம் என்று அறிவித்த ‘தூய தேசம்’ என்னும் தீவிரவாதக் குழுவில் மேஜர் இரண்டு ஆண்டுகளாக இரகசிய உறுப்பினராக இருந்தார். 2003 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். உடல் குடும்பத்திடம் கொடுக்கப்படவில்லை.

அந்தக் காட்சியின் ஒளிப்பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. மேஜர் முதலில் சல்யூட் அடிக்கிறார். ஜனாதிபதி தலையசைத்து அதை ஏற்கிறார். நெற்றியிலிருந்து இறங்கும் அதே கை துப்பாக்கி உறைக்குப் போகிறது. பதினாறு வயதில், பள்ளி நூலகக் கணினியில், புவனேசன் அதை ஒரே ஒரு முறை பார்த்தார். அதன் பிறகு வெயிலை மறைக்கக்கூட அவர் வலது கையை நெற்றிக்கு உயர்த்தியதில்லை. விபூதியை மனைவி புனிதாதான் பூசிவிடுவார்.

நம்மவரிடையே தகப்பனின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகிறது. பள்ளியில் நாள்தோறும் ‘இராசகம்பீரன்’ என்று மகனை அழைப்பார்கள் என்பதால், லண்டனில் இறங்கிய மூன்றாம் மாதமே பாலாம்பிகை அதைச் சட்டப்படி மாற்றித் தம் தகப்பனின் பெயரை அங்கே வைத்தார். தீவில் பேசிய தமிழும் மெல்ல மறைந்து, அயலவரின் யாழ்ப்பாணத் தமிழ் அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. கணவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர், பிறகு தொடர்பில்லை என்பதுதான் அயலுக்குச் சொன்ன கதை. அந்தக் கதைக்காகவே பாலாம்பிகை பொட்டையும் தாலியையும் விடவில்லை. உயிரோடு இருப்பதாகச் சொல்லப்படும் ஒருவருக்குத் திதி கொடுக்க முடியாது. இருபத்தொரு ஆண்டுகள் யாரும் கொடுக்கவுமில்லை.

2024 நவம்பரில், மருத்துவமனைக் கட்டிலில், பாலாம்பிகை மகனிடம் கேட்டது ஒன்றுதான்.

“அந்த மனுசனுக்கு ஒருக்கா எள்ளும் தண்ணியும் இறை. பசியோட நிக்கிறார்.”

“அவர் செய்த வேலைக்கோ, அம்மா?”

“வேலைக்கு இல்லையடா. தகப்பனுக்கு.”

தாய் இறந்த பின் வந்த குளிர்காலத்தில், பொதிகள் வராமல் பட்டை வெறுமையாக ஓடும் வேளைகளில், அதன் மறுமுனையில் சீருடையில் ஒருவர் நெற்றியில் கை வைத்தபடி நிற்பதைப் புவனேசன் கண்டார். அவருக்கு எதிரே இன்னொருவர் நின்று தலையசைத்தார். தாய் சொன்ன பசி ஒருவருடையது. புவனேசன் கண்ட உருவங்கள் இரண்டு. இதைப் புனிதாவிடம் மட்டும் சொன்னார்.

2025 ஜூலை 24, ஆடி அமாவாசை. மேற்கு லண்டனில் உள்ள ஒரு கோயில் மண்டபத்தில் ஆண்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஐயர் ஒவ்வொருவரிடமும் குனிந்து, தகப்பன் பெயரைக் கேட்டு, மந்திரத்தில் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். கொரைலாவிலிருந்து வந்த குடும்பங்கள் சில ஹவுன்ஸ்லோவில் உண்டு. மேஜரின் பெயரை மறந்தவர் அவர்களில் எவருமில்லை. அவர்களில் ஒருவரான மளிகைக் கடை செல்வமலர் பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தார்.

“எனக்கு ஏலாது போல கிடக்கு,” என்றார் புவனேசன்.

பின்னால் செம்போடு இருந்த புனிதா, “மெதுவாச் சொல்லுங்கோ,” என்றார். “மைக் ஐயரின்ர கழுத்திலதானே, உங்கட வாயில இல்லையே. அவர் ஓடுற ஓட்டத்தில ஒருத்தற்ற தகப்பனும் ஒருத்தருக்கும் விளங்காது.”

ஐயர் குனிந்தார். “தகப்பன்ர பேர்?”

“இராசகம்பீரன்.”

கழுத்து மைக் புவனேசனின் குரலையும் பிடித்துக்கொண்டது. பெயர் மண்டபம் முழுவதும் ஒலித்தது.

“மேஜரோ?” செல்வமலரின் குரல் மந்திரத்துக்கு மேலாக எழுந்தது. “மேஜரின்ர பெடியனோ இவ்வளவு காலமும் என்ர கடையில கருவேப்பிலை வாங்கினது?”

யாரும் சிரிக்கவில்லை. செல்வமலர் செருப்பு வைத்திருந்த வாசலை நோக்கி நடந்தார். இந்தச் சடங்கில் வலது கையால்தான் நீர் வார்க்க வேண்டும். புவனேசனின் வலது கை மடியிலேயே கிடந்தது. புனிதா பின்னாலிருந்து முழங்கையைத் தூக்கிப் பிடிக்க, எள்ளோடு நீர் இறங்கியது. ஐயர் அடுத்தவரிடம் நகர்ந்தார்.

“ஐயா, இன்னுமொரு பேர் இருக்கு. எமில் டொரவால்,” என்றார் புவனேசன்.

“அவர் உங்களுக்கு என்ன முறை?”

“முறை ஒண்டும் இல்லை, ஐயா. அப்பா சுட்ட ஆள்.”

“வேதக்காரருக்கு எள்ளோ?” என்று பின்வரிசையில் ஒருவர், அது கிறிஸ்தவப் பெயர் என்று கண்டு, முணுமுணுத்தார்.

ஐயர் மைக்கைக் கையால் பொத்திப் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். “கோத்திரத்தை நான் பாத்துக்கொள்ளுறன். பேரைத் திருப்பி வடிவாச் சொல்லுங்கோ.”

புவனேசன் சொன்னார். இந்த முறை தம் குரல் மண்டபத்தில் ஒலிக்கும் என்று தெரிந்தே சொன்னார். வாசலில் ஒரு செருப்பை மாட்டியிருந்த செல்வமலர் திரும்பிப் பார்த்தார். உள்ளே வரவில்லை, வெளியே போகவும் இல்லை.

அன்று பற்றுச்சீட்டு பெற்று அமர்ந்தவர்கள் 112 பேர். ஐயர் சொன்ன பெயர்கள் 113.