ஏலக்கார அண்ணனின் வாய்ப்புண்

என் அண்ணன் பழ மண்டியில் ஏலம் விடுகிறவன். மண்டியில் அவனுக்குப் பெயர் 'மைக்'. மரப்பெட்டி மேல் ஏறி நின்று "ஒரு தரம்!" என்று குரல் எடுத்தால், வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். வாடிப்போன திராட்சையைக்கூட, "மாப்பிள்ளை கொஞ்சம் களைப்பா இருக்காரு, அவ்வளவுதான்" என்று சொல்லி யார் தலையிலாவது கட்டிவிடுவான்.

அந்த வாயில்தான் புண் வந்தது. முதலில் நாக்கில் தயிர் படிந்த மாதிரி வெள்ளை. வழித்தால் அடியில் சிவந்து எரியும். பிறகு ஈறு வீங்கி, பல் துலக்கினால் ரத்தம். மண்டியில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள்.

"சூடு மைக், தண்ணி நிறையக் குடி!"

களிம்பு தடவினால் நாலு நாள் அடங்கும், மறுபடி வரும். நான்தான் நச்சரித்துப் பல் டாக்டரிடம் இழுத்துப்போனேன். உள்ளே போனவன் வெளியே வந்து, "சொத்தைப் பல்லாம்" என்றான். நானும் நம்பினேன்.

உள்ளே நடந்தது வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான் அதைச் சொன்னான். அந்த டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பேசியிருக்கிறார்.

"இது வெறும் பல்லு வியாதி இல்லீங்க. எதிர்ப்பு சக்தி குறைஞ்சா வாய்லதான் முதல்ல காட்டும். எச்ஐவி டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க. இருந்தாலும் பயப்படாதீங்க, நல்ல மாத்திரை இருக்கு. தள்ளிப் போடாதீங்க."

கல்யாணத்துக்கு முன்னால் வெளியூர் வேலையில் ஆட்டம் போட்ட நாட்கள் அவனுக்கு ஞாபகம் வந்தனவாம். அண்ணியின் முகமும் வந்ததாம். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த டெஸ்ட் சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டான். டெஸ்ட் எடுக்காதவரை நோய் இல்லை என்பது அந்த மகா புத்திசாலியின் கணக்கு. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேறொரு டாக்டரிடம் போய், ஆடின பல்லை எல்லாம் பிடுங்கிக்கொண்டான். புண் போகவில்லை. பெட்டி மேல் நின்று "ஒரு தரம்" என்பதற்குள் வாய் எரிந்துவிடும். இரண்டாம் தரத்தை விட்டுவிட்டு நேராக "மூணு தரம்!" என்று முடித்துவிடுவான். யோசிக்கிறவர்கள் வாய் திறந்து விலையை ஏற்றுவதே இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான். "எங்க வயித்துல அடிக்கிறியேப்பா" என்று பழம் கொண்டுவந்த தோட்டக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மண்டி முதலாளி அவனைப் பெட்டியை விட்டு இறக்கிவிட்டார்.

வீட்டில் அண்ணி சோற்றை மிக்ஸியில் அடித்து, உப்புக்கூட அளந்து போட்டுக் கொடுப்பாள். "ஏங்க, இதாவது இறங்குதா?" என்று கேட்பாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

ஒரு நாள் தண்ணீரும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கே நோய் தெரிந்துவிட்டது. வெள்ளை தொண்டைவரை இறங்கியிருந்தது, நுரையீரலிலும் கிருமி. மருந்து ஆரம்பித்தார்கள்.

"அவகிட்ட நானே சொல்றேன். நீ சொல்லிடாத. விட்டுட்டுப் போயிடுவா" என்றான். பேச்சே மூச்சு வாங்கியது. இரண்டு நாளில் போய்விட்டான். சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டுப் பேசினார். அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இருந்தது. மருந்து கொடுக்கிற அறையில் நர்ஸ் ஒரு டப்பாவை நீட்டி, "தினம் ஒண்ணு. விடாம சாப்பிடுங்க, எல்லாரையும் மாதிரி இருக்கலாம்" என்றார்.

அண்ணி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "ஒண்ணு போதுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இதை எங்கிட்ட சொல்லவா பயந்தாரு?"

"நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சான், அண்ணி."

"திட்டியிருப்பேன். ஒரு வாரம் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன். அப்புறம் நானே கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்திருப்பேனே."