அப்பா கைவிட்ட பாவு

என் மகன் காத்தாடி கேட்டு ஒரு வாரமாக அழுகிறான். கடையில் தீர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொல்வது சரியா, மற்றப் பிள்ளைகள் எல்லாம் விடும்போது இவனை மட்டும் தடுப்பது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த நூலை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதிமூன்று, தம்பிக்கு ஐந்து. கோடை விடுமுறைக்கு மெட்ராஸிலிருந்து மாமா வந்திருந்தார். அங்கே சைக்கிள் கடையில் வேலை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பையன்கள் விட்ட காத்தாடியைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, முகூர்த்தப் புடவை கணக்கா கனமா இருக்குது! இது எங்க எழும்பப் போவுது?" என்று சிரித்தார். மறுநாளே எங்கள் மூன்று பேருக்கும் பாடம் ஆரம்பமாகிவிட்டது.

மாமா வயதுக்குத் தகுந்த வேலைதான் தருவார். மூங்கிலைச் சீவி வளைப்பதும் மாஞ்சா போடுவதும் அண்ணனுக்கு. கண்ணாடியை மாவாக இடித்து, கஞ்சியில் குழைத்து நூலில் தடவும்போது எங்களைப் பக்கத்திலேயே விடவில்லை. சோற்றுப் பருக்கையைக் கசக்கித் தாளை ஒட்டுவது எனக்கு. கிழிந்த துணியில் வால் கட்டுவது தம்பிக்கு. அவனுக்கு அது போதவில்லை.

"காத்தாடி பறக்கறப்ப எனுக்கு வேலை இல்லியா மாமா?" என்று மூக்கை உறிஞ்சினான்.

"உனுக்கு இல்லாததா? காத்தாடி விழுந்துச்சுன்னா ஓடிப்போய் எடுத்தாரணும். நீதான்டா அதுக்கு இன்ஸ்பெக்டர்."

அதன் பிறகு தம்பியின் நடையே மாறிவிட்டது.

அப்பா ஒரே ஒரு கட்டளை போட்டார். தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது மாஞ்சா நூல் பட்டு மேல் படக் கூடாது. நெசவு வீட்டில் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாவு என்றால், புடவைக்கான நீளப் பட்டு இழைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன் பக்கத்தில் நாங்கள் தும்மக்கூட மாட்டோம்.

அன்று காலை தெருவில் நின்றது எங்கள் பாவு. அக்கம்பக்கத்துக்காரர்கள் வரிசையாக நின்று இழைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு முனையின் கயிற்றைப் பிடித்து, பின்னால் சாய்ந்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து நின்றார். கயிற்றை இன்னும் கம்பத்தில் கட்டவில்லை. தெருமுனை திரும்பினால் மைதானம். மாமாவும் அண்ணனும் அங்கே இருந்தார்கள்.

முனைவீட்டு ஓட்டுக்கு மேலே நாங்கள் செய்த காத்தாடி எழும்பியது. தெருவில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் காற்று விழுந்தது. காத்தாடி ஆடி ஆடி எங்கள் வாசலில் வந்து இறங்கியது.

இன்ஸ்பெக்டர் ஓடினான். எடுத்தான். தளர்ந்த நூல் பாவுப் பக்கம் காற்றில் அலைவதைப் பார்த்தான். அப்பாவின் கட்டளை ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவசரமாக நூலை வாரிச் சேர்த்து, மாலை போட்டுக்கொள்வதுபோல் தன் கழுத்தில் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.

நூல் தளர்ந்தால் உடனே உருளையில் சுற்ற வேண்டும் என்பது அண்ணனுக்கு மாமா சொல்லித் தந்த பாடம். ஓட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் பாடம் தவறாமல் சுற்றினான்.

தம்பி கத்தவில்லை. கால் விரல் நுனியில் எழும்பி நின்றான். விளையாடுகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பா கயிற்றை விட்டார்.

பாவு சீறிக்கொண்டு போய், சாணி தெளித்திருந்த ஈர மண்ணில் சுருண்டு விழுந்தது. "ஐயோ, பாவு! பாவு!" என்று தெருவே அலறியது. நானும் பாவைத்தான் பார்த்தேன். பெரியப்பா இறந்த செய்தி வந்தபோதுகூட, கயிற்றைக் கம்பத்தில் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் கைவிட்டுவிட்டார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது மாஞ்சா நூலை வெறுங்கையில் சுற்றிப் பிடித்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கைக்கு வழிந்தது.

தம்பியின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. இருமி இருமி மூச்சு வந்ததும், "பட்டு மேல படலப்பா" என்றான். குரல் கரகரத்தது. அப்பா அவனை வாரித் தூக்கினார்.

"இன்னா இன்ஸ்பெக்டரே, நூலு எங்கனா மாட்டிக்கிச்சா?" என்று சிரித்துக்கொண்டே மாமா முனை திரும்பி வந்தார். பார்த்தார். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கழுத்தில் மஞ்சள் வைக்கப்போன கை பாதியிலேயே நின்றிருந்தது. வெளியே சேற்றிலிருந்து இழைகளை ஏந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய நஷ்டத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசாதது எனக்குத் திகிலாக இருந்தது.

"பட்டு இன்னாம்மா ஆவும்?" என்று கேட்டேன்.

"எந்தப் பட்டு?" என்றாள் அம்மா.

அவள் நிஜமாகவே கேட்டாள். வாசல் பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். திரும்பினாள். அரக்கு நிறத்தில் தெருவெல்லாம் கிடந்த பட்டின் மேல் அவள் கண் ஒரு கணம்கூட நிற்கவில்லை. அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது என்றே நினைத்தேன். பயந்துபோய் அவள் முகத்துக்கு நேரே என் கையை மெல்ல ஆட்டிப் பார்த்தேன்.